பொதுத் தொட்டி

பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கப் பெருநிலம், சுங்கை ஜாவி.
மழை விட்டும் செம்பனை விடாமல் சொட்டுகிறது.
ஒரே வேலி.
இப்பக்கம் கோகிலவாணியின் ஒன்பது மாடுகள்,
அப்பக்கம் பக்தியாரின் செம்மறிகள், முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு.
நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி, இருவருக்கும் பொது.
தண்ணீர் பில்லில் மட்டும் மாதாமாதம் தகராறு.

சுட்டிக்கு நாற்பத்தொன்று புள்ளி மூன்று.
வெப்பமானியைத் துடைத்து இன்னொரு முறை வைத்தேன்,
அதே நாற்பத்தொன்று புள்ளி மூன்று.
மூக்குத் துளைகளில் காய்ந்து அடைத்த சளி.
கருவிழியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு
ஆறிய கஞ்சியின் ஆடைபோல் ஒரு வெண்மை.
"மூணு நாளா புல்லைப் பார்க்கக்கூட மாட்டேங்குது" என்றாள்.
பார்க்க முடியாது என்று நான் சொல்லவில்லை.

வேலிக்கு அப்பால் ஆடுகள் அசைபோட்டன.
ஒன்றுக்கும் சூடில்லை, ஒன்றும் இருமவில்லை.
பால் மறந்த குட்டியொன்று
தொட்டியில் மூக்கை நனைத்து
கம்பியில் துடைத்துவிட்டுப் போனது.
அந்த மூக்கில்தான் இருக்கிறது சுட்டியின் காய்ச்சல்,
குட்டிக்கே தெரியாமல்.

போன அக்டோபரில் நான் நின்றது அந்தப் பக்கம்.
உதடு வீங்கி,
நாக்கு நாவல்பழம் தின்ற நீலத்தில்,
குளம்பு வலியில் முழங்காலால் நடந்த ஆடுகள்.
பதினொன்றைக் குழிக்குள் இறக்கினோம்.
அன்று மாடுகளுக்கு ஒரு தும்மலும் இல்லை.
அவற்றின் சாணிச் சேற்றில் பிறந்து
அவற்றின் இரத்தத்தைக் குடித்து
வேலியைக் கவனிக்காமல் பறந்தது,
மிளகில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி.
"லெம்பு தாக் சாக்கிட் பூன்?" என்றார் பக்தியார்.
மாட்டுக்கு ஒன்றும் இல்லையே என்று.
பூச்சியால் வந்தது என்றேன்.
பொய்யில்லை.
பூச்சி எங்கே குடித்தது என்று அவர் கேட்கவில்லை.

கோகிலவாணி கேட்டாள்:
"ரெண்டும் ஒரே காய்ச்சலா சார்? பங்காளி மாதிரியா?"
இல்லைம்மா. வேறு கிருமி, வேறு வழி,
ஈப்போ ஆய்வகத்தில் வேறு வேறு அலமாரி.
சூடு மட்டும்தான் ஒன்று.
ஆனாலும் பங்காளி என்ற சொல் என் பேனாவை விடவில்லை.
படிவத்தில் 'நோயுற்ற விலங்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
சுமந்தும் நோகாததற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
இடம் போதாமல் எழுத்து வளைந்தது.

மருந்து கிடையாது. நிழல், ஈரத்துணி, கண்ணுக்குக் களிம்பு.
இரத்தக் குப்பியை
உறைந்த சிராப் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்து மூடும்போது
பக்தியார் வந்தார்,
தோளில் ஒரு கட்டு நேப்பியர் புல்,
சுட்டிக்காகத் தன் கொட்டகையிலிருந்தே அள்ளியது.
அவர் பின்னாலேயே ஐந்தாறு ஆடுகள்.
கம்பி இடைவெளியில் ஈர மூக்குகளை நுழைத்து
சுட்டியை முகர்ந்தன.

அவசரம் வந்தால் என் மலாய் திக்கும்.
கையை நீட்டினேன்,
புல்லை வாங்கவா தடுக்கவா என்று அவருக்கும் புரியவில்லை.
"தொட்டி" என்றேன், தமிழிலேயே.
"முதலில் அந்தத் தொட்டி."