அப்படி ஒரு கோப்பு இல்லை

இரவு இரண்டே கால்.
கூட்லு கேட்டில் தண்ணீர் லாரி
பின்னால் வருகிற சத்தம்.
கறுப்புத் திரையில் நாற்பதாவது முறையாக
அதே வரி:
அப்படி ஒரு கோப்பு இல்லை.

ஆல்பைனைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான்.
கன்டெய்னர் முழுசும் ஐந்தே எம்பி.
புதன்கிழமைக் கூட்டத்தில் அந்த எண்ணை
நகைக்கடைத் தராசுபோல் தூக்கிக் காட்டினேன்.
மல்லேஷப்பா மட்டும்
"இஷ்டு சிக்கதா?" என்றார்.
இவ்வளவு சின்னதா.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சின்னதுதான்.
உள்ளே போனால் பாஷ் இல்லை.
கர்ல் இல்லை.
கடிகாரம் ஐந்தரை மணி பின்னால்,
எந்த ஊருக்கும் சொந்தமில்லாத நேரத்தில்.
பத்து மாத முன்பணம் கட்டிவிட்டு
வீட்டில் குழாயே இல்லை என்று
கண்டுபிடித்தவள்போல் நின்றேன்.

முதலில் பேக்கேஜே இறங்கவில்லை.
தற்காலிகப் பிழை, பிறகு முயல்க என்றது.
பிறகு முயன்றேன்.
பிறகுக்குப் பிறகும் முயன்றேன்.
எந்தத் தாலுகா ஆபீஸ் ஜன்னலும்
இத்தனை மரியாதையாக விரட்டியதில்லை.
பார்த்தால்
பெயர் சொன்னால் முகவரி சொல்லும் சர்வரின்
முகவரியே தப்பு,
கௌரி ஹப்பத்துக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில்
யாரோ எழுதிவைத்த எண்.
மாற்றினேன், இறங்கியது.
டீ போடக்கூட எழுந்துவிட்டேன்.

பிறகுதான் இது.

பட்டியல் கேட்டால் கோப்பு இருக்கிறது.
அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது,
ஓடலாம் என்ற அனுமதியும் இருக்கிறது.
பெயரை எழுத்து எழுத்தாக
விரல் வைத்துப் படித்தேன்.
ஓடு என்றால்
இல்லை.

மூன்றரைக்குப் புரிந்தது.
இல்லாதது அது இல்லை.
அது கண்விழித்ததும் முதலில் கூப்பிடுகிற ஆள்.
வேறொரு வீட்டில் கட்டப்பட்ட நிரல்,
அங்கே இரண்டாம் கதவில் ஒருவன்
கைகொடுத்துத் தூக்கிவிடுவான்.
அவன் விலாசத்தை வயிற்றில் எழுதிக்கொண்டு
இங்கே வந்திருக்கிறது.
இங்கே அந்தக் கதவே கிடையாது.
பிழைச்செய்திக்கோ
யாரைக் காணோம் என்று சொல்லத் தெரியவில்லை,
தேடி வந்ததையே காணோம் என்கிறது.

பெங்களூரில் தமிழுக்கு என்ன குறை என்றுதான்
ரயிலேறினேன்.
தெருமுனைக் கடையில்
யாத்கிரிலிருந்து அந்த வாரம்தான் வந்த பையன்.
பால் என்றேன்.
இல்லை என்று தலையாட்டினான்,
முழங்காலுக்குப் பின்னால்
நீலக் கூடை நிறைய பாக்கெட்டுகள்.
பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்
ஒரே ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னார்:
ஹாலு.
ஓ, என்றான் பையன்.

அப்படி ஓர் எழுத்துக்காரன் இதற்கும் உண்டு.
சில கேபி லைப்ரரி,
இவன் பேச்சை அவனுக்குச் சொல்வது.
ஒரு வரி சேர்த்தேன்.
ஓடியது.
பதினோரு நிமிடம் ஓடியது,
நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை
நாகரிகமாகக் காத்திருந்து
விழுந்தது.
எல்லாச் சொல்லும் ஓர் எழுத்தில் தீராது போல.

நாலே முக்கால்.
முதல் வரியை அழித்தேன்.
ஆல்பைன் என்ற இடத்தில் டெபியன் என்று எழுதினேன்,
ஸ்லிம் என்று ஒட்டிக்கொண்டேன்
சுயமரியாதைக்காக.
கட்டி முடித்ததும் எண்பத்தொன்பது எம்பி.
வழக்கமான சாமான்களோடு
வழக்கமான ஒரு வீடு.
முதல் முறையிலேயே எழுந்து
தன் பதிப்பு எண்ணைச் சொன்னது.

அடுத்த புதன்கிழமை
அந்த எண்ணை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.
மொட்டைமாடித் தொட்டி நிறைந்து
பைப்பில் வழிகிறது,
யாரும் மோட்டாரை அணைக்கவில்லை.

ஆறு மணிக்கு மல்லேஷப்பா:
"குழலி, ஆய்த்தா?"
ஆச்சு என்று அடித்தேன்.
அனுப்பிவிட்டேன்.
அவருக்குப் புரியும்.