எச் என்று எழுதிய சின்ன வட்டம்

முதலில் ஒரு கறுப்புப் புள்ளி.
திரையின் இடது மூலையில் இழுத்து விட்டேன்.
அதில் யாரும் தங்குவதில்லை,
புறப்பட மட்டும்தான்.

அடுத்து முனை மழுங்கிய பெட்டிகள்:
சும்மா. குளிர்காற்று. சூடுகாற்று. பழுது.
பொகவந்தலாவையில் மழை பிடித்து ஆறாம் நாள்.
நாலாம் தொட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொழுந்து.
காற்றாடி எந்நேரம் எந்தப் பெட்டியில் இருக்கவேண்டுமென
ஒரு காலித் தேயிலைப் பெட்டியின் மேல்
மடிகணினியை வைத்து
வரைந்துகொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் நுழைந்ததும் செய்ய ஒரு வேலை,
விட்டுப் போகையில் இன்னொன்று.
பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே அம்பு.
அம்பின் மேல் காவல்:
ஈரம் இத்தனைக்கு மேலென்றால் போ,
இல்லையென்றால் நில்.
"கேட்டு வாச்சரையும் உள்ளுக்குப் போட்டுட்டீங்களா மிஸ்?"
என்றான் எலக்ட்ரீஷியன் டெரன்ஸ்,
வயரைப் பல்லால் உரித்தபடி.

அன்றிரவு ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
இரண்டு பத்துக்கு வந்தது.
வந்ததும் என் படம்
நான் சொல்லிக்கொடுத்தபடியே
கறுப்புப் புள்ளிக்கு ஓடி
அங்கிருந்து 'சும்மா'வுக்குப் போய்
பட்டனை யாராவது அமுக்கட்டுமென்று
விடியும்வரை மரியாதையாக நின்றது.
பிழை இல்லை. சிவப்பு விளக்கு இல்லை.
தொட்டியில் கொழுந்து புழுங்கிச் சிவந்தது.

காலையில் டீ மேக்கர் ஏசவில்லை.
ஒரு பிடி அள்ளி முகர்ந்து
என் கீபோர்டின் மேல் போட்டுவிட்டு நடந்தார்.
எஃப் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
இன்னும் ஒரு காம்பு இருக்கிறது.

அதன்பிறகுதான் அந்தச் சின்ன வட்டம்,
உள்ளே எச் என்று ஒரு எழுத்து.
குளிரையும் சூட்டையும் சுற்றி
'ஓட்டம்' என்றொரு பெரிய பெட்டி கட்டி
அதற்குள் வைத்தேன்.
எங்கே விட்டாயோ அங்கே போ என்பது அதன் பொருள்.
டெரன்ஸ் மெயினை இறக்கினான், ஏற்றினான்.
காற்றாடி யாரையும் கேட்காமல்
சூடுகாற்றுக்குப் போனது,
பதினோராவது நிமிடத்துக்கு.
இரண்டு பேரும் கைதட்டினோம்,
கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மணி எண்ணுவதற்காக ஒரு அம்பு,
குளிர்காற்றில் புறப்பட்டுக் குளிர்காற்றிலேயே முடிவது.
வெளியேறும் வேலை நடக்கும்,
நுழையும் வேலையும் நடக்கும்,
இடம் மட்டும் அதே இடம்.
என் ஒப்பந்தமும் இந்த ஜாதிதான்.
ஜூன் முப்பது அடையாள அட்டையைக் கொடுப்பேன்,
ஜூலை ஒன்று வாங்குவேன்,
படத்தில் அதே நீலச் சட்டை.

"வெளியே போக அம்பே இல்லாத பெட்டி இருந்தா
இது கண்டுபிடிக்குமா?"
"மஞ்சள் முக்கோணம் காட்டும்."
டெரன்ஸ் போனைத் துடைத்து நீட்டினான்.
வீட்டுக் காணி விண்ணப்பம்,
இலக்கம், திகதி, முத்திரை.
'பரிசீலனையில்'.
திகதியில் அவனுக்கு மகள் பிறந்திருக்கவில்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன்.
வரைந்ததைத்தான் இது பார்க்கும் என்றேன்.
"அப்ப வரைங்களேன்," என்றான்.

புதிய பக்கம் திறந்தேன்.
கறுப்புப் புள்ளி. ஒரு பெட்டி.
அம்பின் நுனியைப் பிடித்தபடி
எங்கே விடுவதென்று தெரியாமல்
எலியை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

கீழே ஏற்றத்தில் கொழுந்து லொறி
மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுந்தது.
"வந்திட்டான்," என்றான் டெரன்ஸ்,
நாலாம் தொட்டியின் பலகையைத் தூக்கப் போனான்.