காரணம் என்ற கட்டம்

சம்மாந்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தது அது,
பழைய சாரம் சுற்றி, டியூப் நாடாவால் இறுக்கி,
பெற்றோல் டாங்கியின்மேல் குந்தியபடி.
காரைதீவுப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது.
அந்த வழியால் கல்முனைக்கு வரும் எந்த மெஷினும்
முதலில் பள்ளத்தைத்தான் குற்றம் சொல்லும்.

"தானா நிண்டு போச்சு தங்கச்சி.
ஆலைக் கணக்கு முழுக்க இதுக்குள்ளதான்."
றாசீக் நானா கதிரையில் இருக்கவில்லை.

சுவிட்சைத் தட்டினேன். காற்றாடி சுற்றியது.
திரை கறுப்பு. ஒரு பீப் கூட இல்லை.
வயரை மாற்றினேன், திரையை மாற்றினேன்,
என் பவர் சப்ளையைக் கொடுத்துப் பார்த்தேன்.
உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை.
இப்படி வருபவை ஒருநாளும் தானாக நிற்பதில்லை.

ஹீட்சிங்கின் திருகாணிகள்
கை தொட்டதும் கழன்றன.
யாரோ எனக்கு முன்னமே வந்து போயிருக்கிறார்கள்.
அடியில், காய்ந்த சாம்பல் பசையில்,
ஒரு பெருவிரல் அடையாளம்.
சின்னது. சுழி சுழியாய், ஒரு கோடும் குறையாமல்.

புரொசெசரைத் தூக்கிக் குப்புறப் பிடித்தேன்.
ஆயிரத்துச் சொச்சம் பின்கள்,
ஒரு மூலையில் மட்டும்
மழை படுத்த வயல்.

பசை இறுகியிருந்திருக்கும். சூடாக்காமல் இழுத்திருக்கிறார்கள்.
பூட்டியிருந்த சொக்கட்டிலிருந்தே
சிப்பு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும்.
பிறகு பயம். பிறகு அதே இடத்தில் வைத்து ஓர் அமத்தல்.

"நான்தான்" என்றார், நான் கேட்காமலே.
"உமித் தூசி தட்டுவமெண்டு கழட்டினன்."
அவர் பெருவிரல் என் கண்ணாடி மேசையில் இருந்தது.
எந்த வருசமோ ஆலைப் பட்டி இழுத்துத் தின்ற விரல்.
நகம் இல்லை. ரேகை இருக்கவேண்டிய இடத்தில்
வழவழவென்று ஒரு தழும்பு.

நான் பென்சிலை எடுத்தேன்.
அழுத்தும் பென்சில், பொயின்ட் ஃபைவ்,
ஈயத்தை உதறிவிட்டால் நுனியில் ஒரு துளை,
ஒரு பின் நுழைய அளவான துளை.
ஒவ்வொன்றாகக் கோத்து, நிமிர்த்தி, மூச்சு விட்டு.
வெளியே கச்சான் புழுதி வாரிக்கொண்டு போனது,
காற்றாடியை நிறுத்தியதால் கழுத்தெல்லாம் வேர்வை.
எட்டாவது பின்னில் கரண்ட் போனது.
றாசீக் நானா போனை எடுத்து லைட் பிடித்தார்.
நெல் மூட்டை தூக்கிய கை, கொஞ்சமும் ஆடவில்லை.

ஒன்பதாவது முறிந்தே இருந்தது.
சொக்கட்டின் ஓட்டையில் கிடந்த துண்டை ஊசியால் கிளப்பி
வெள்ளைத் தாளில் வைத்தேன்.
"இவ்வளவுதானா?" என்றார்.
இவ்வளவுதான்.

சில பின்கள் வெறும் பூமிக் கம்பி,
போனாலும் பக்கத்துப் பின் பார்த்துக்கொள்ளும்.
சில அப்படி இல்லை.
எதுவென்று தெரிய வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

கரண்ட் வந்தது. புதுப் பசை, பயறளவு.
இரண்டு ராமும் போட்டேன்: கறுப்பு.
ஒன்றைக் கழற்றினேன்: கறுப்பு.
மிச்சத்தை மற்றப் பக்கத்துக்கு மாற்றினேன்.
ஒரு பீப்.

திரை எழுந்து
தை மாதம் முதலாம் திகதி என்றது,
ஏதோ ஒரு பழைய வருசத்தில்.
சூடு நாற்பத்தொன்று. கணக்குகள் அப்படியே.
அவர் அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

செத்த பக்கத்துக்கு மேல் சிவப்பு டேப் ஒட்டினேன்:
இதில் எதுவும் போட வேண்டாம்.
பாதி ஞாபகத்தோடு ஓடும், மெதுவாக ஓடும்.
பில்லில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
'தூசி' என்று எழுதினேன்.
வாசித்தார். மடித்தார். சட்டைப் பைக்குள் வைத்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அவர் நம்பர்.
"நல்லா வேல செய்யுது தங்கச்சி, அதச் சொல்லத்தான்."
பின்னால் ஒரு கிசுகிசுப்பு, சட்டென்று பெரிதாகி:
"முறிஞ்சது எந்தப் பின்னெண்டு கேளுங்க வாப்பா,
எத்தினையாவது வரிச?"

அவர் பேசாமல் நின்றார்.
நானும்.

பிறகு, தங்க முக்கோணம் இருக்கும் மூலையிலிருந்து எண்ணி
வரிசையைச் சொன்னேன்.
யாரோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.