நிகரில்லை

அறுபத்திரண்டு கிரெடிட்டோடு போனேன்.
நாற்பத்தொன்றை எடுத்துக்கொண்டார்கள்.
மீதிக்கு எதிரே பதிவாளர் அலுவலகம்
ஒரே சொல்லைத் தட்டி வைத்திருந்தது:
நிகரில்லை.

பாசனக் கணக்கு, நிகரில்லை.
மண்ணியல் இரண்டு, களப்பணியுடன், நிகரில்லை.
ஒரு கணம் அதைப் பாராட்டு என்றே படித்தேன்.
பிறகு கட்டண விவரம் கண்ணில் பட்டது:
ஒரு செமஸ்டர் கூடுதல்.

நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் இருந்தது என் பழைய கல்லூரி.
விண்ணப்பித்த எல்லோருக்கும் இடம் தரும்.
குளிர்காலத்தில் ரேடியேட்டர் இருமும்,
நாங்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.
அக்டோபர் பிறந்தால் சர்க்கரை ஆலையின் நாற்றம்,
ஈரச் சாக்கில் வேகவைத்த மண் மாதிரி,
ஸ்வெட்டரில் ஏறி ஜனவரியில்தான் இறங்கும்.

இரவில் எடைமேடையில் வேலை.
நானும் டோபின் ஹாஃப்பும்.
பீட் ஏற்றிய லாரி வரும், எடை போடுவோம், சீட்டுக் கிழிப்போம்.
அடுத்தது வரப் பதினோரு நிமிடம்.
அந்தப் பதினோரு நிமிடங்களில்
இரண்டு மடிக்கணினி, ஒரே ஹீட்டர், ஒரே பல்கலைக்கழகம்.
நூறு பேர் மாறுதல் கேட்டால்
மூன்று பேரை எடுக்கிற இடம்.

"உன்னைப் பற்றி எழுது" என்றிருந்தது.
என்னைப் பற்றி என்ன இருக்கிறது?
சாண்ட்விச்சைக் கடித்தபடி டோபின் சொன்னான்:
எங்க வீட்டுல வானிலைச் செய்தி ஓடும்போது
யாரும் மெல்லுறதில்ல.

என் விரல் நின்றது.
அவனும் கவனித்தான்.
வச்சுக்க, என்றான். எங்கிட்ட வேற இருக்கு.

அவனிடம் வேறு இருக்கவில்லை.
விடாமுயற்சி பற்றி எழுதினான்.

என் அப்பா அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறவர்.
ஆலங்கட்டி விழுந்தால் எங்களுக்குக் கார் கண்ணாடிக் கவலை.
மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம்.
அதற்கு மேல் வானத்தோடு
எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

மே மாதம் முடிவு வந்தது.
என் திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் பறந்தன.
அவன் திரையில் மூன்று வரி.
ஒன்றும் பேசாமல் வெளியே போய்
என் காரின் டயரைக் காலால் அழுத்திப் பார்த்தான்.
ஆயிரத்து எண்ணூறு மைல், என்றான்.
பின்னாடி இடதுபக்கம் தாங்காது.
மறுநாள் அவனே மாற்றினான். காசு வாங்கவில்லை.

இங்கே கட்டடங்கள் கல்.
கதவுகள் கனம்; தோள் கொடுத்துத் தள்ள வேண்டும்.
ரேடியேட்டர் இருமுவதில்லை.
எங்கே படித்தாய் என்கிறார்கள்; சொல்கிறேன்.
"ஓ" என்று கொஞ்சம் நீளமாகச் சொல்லி
ஊரின் காற்றைப் பற்றிக் கேட்கிறார்கள்.

மாறுதலில் வந்த எங்களுக்கு விருந்து வைத்தார்கள்.
சேர்க்கைக் குழுவின் அம்மையார்
என் பெயர் அட்டையைப் படித்து முகம் மலர்ந்தார்:
"கொரின் ரைசிக்! யாரும் மெல்லாத வீடு!"
மேசையில் எல்லோரும் திரும்பினார்கள்.
ஒருவனுடைய முள்கரண்டி பாதி வழியில் நின்றது.
ஒரு நிமிடம் அது உண்மையிலேயே
யாரும் மெல்லாத மேசை.

சொல்லியிருக்கலாம்.
வாயில் கோழித்துண்டு.
விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று
நிதானமாக மென்றேன்.
அதற்குள் அவர் அடுத்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்.

பீட்டை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடமாட்டார்கள்.
ஆணிவேர் முனை முறிந்தால்
கிழங்கு இரண்டு காலாய்க் கவைத்துவிடும்.
ஆலையில் அதற்கும் எடை உண்டு;
இடுக்கில் சேரும் மண்ணைக் கழித்துக்கொள்வார்கள்.
இதை நான் மண்ணியல் இரண்டில் படித்தேன்.
மண்ணியல் ஒன்றிலிருந்து மறுபடி படிக்கிறேன்.

நேற்று இரவு டோபின் செய்தி அனுப்பினான்.
அறுவடை தொடங்கியாச்சு.
லாரி வரிசை நெடுஞ்சாலை வரைக்கும்.
பதினோரு நிமிஷமெல்லாம் இப்ப இல்ல.

நீளமாக ஏதோ எழுதினேன்; அந்த விருந்தைப் பற்றி.
அழித்தேன்.
இங்கே மழை, என்று மட்டும் அனுப்பினேன்.

வெகுநேரம் கழித்து,
ஒரு லாரி போய் இன்னொன்று வருவதற்கிடையே இருக்கலாம்,
பதில் வந்தது:

ஜன்னலைச் சாத்து.