நூலளவு

ஃபெர்ராராவில் பல் கட்டிக் கொடுப்பது என் தொழில்.
வாரத்தில் ஐந்து நாள்
அடுத்தவர் வாயை அச்செடுக்கிறேன்.
சனிக்கிழமைகளில்
நானூறு வருஷம் முன்பு அச்சானதைத் தேடிப் போகிறேன்.

ஆன்மா அழியுமா, அழியாதா,
ஊற்றிய எண்ணெயைக் கடவுளால் திரும்ப அள்ள முடியுமா,
கிரேக்கன் சொன்னது சிலுவைக்கு ஒத்துவருமா,
இந்த வகைப் புத்தகங்கள்.
லத்தீன் எனக்கு அரைகுறை.
"வாசிக்க வராததற்கா பாய்லர் மாற்றும் காசு?"
நீவெஸ் கேட்பாள்,
இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.
பதில் கிடையாது என்னிடம்.

பணக்காரர்கள் பழுதில்லாத பிரதி கேட்பார்கள்.
அதனால் பொலோன்யாவில் எஜிஸ்தோ
மை பூசியதை எனக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.
ஆன்மாவைப் பற்றி ஒரு வைத்தியர் எழுதியது.
நாற்பத்தொரு வரிகள் அடிக்கப்பட்டிருந்தன.
கடைசித் தாளில்:
திருத்தினேன். சகோதரர் ஜெலாசியோ, 1598.

என்ன ஆவேசம் அந்தக் கைக்கு!
மையின் புளிப்பு தாளைத் தின்று
வரி இருந்த இடமெல்லாம் நீளநீளச் சன்னல்.
நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில் எட்டிப் பார்த்தால்
நூற்றுப் பதினைந்து தெரிகிறது.
"உடலை நீங்கிய பின் ஆன்மா" என்று தொடங்கி,
சன்னல் வழியே,
"இளஞ்சூட்டில் வயிற்றுக்கு நல்லது."
அகராதியோடு உட்கார்ந்து இதைப் பெயர்த்துச் சொன்னபோது
இரண்டு ஸ்வெட்டரும் குலுங்கின.

அதன்பிறகு எழுதியவர்களை விட்டுவிட்டேன்.
அடித்தவரைச் சேர்க்கிறேன்.

இரண்டாவது மாந்தோவாவில், 1604.
அதே கையெழுத்து; ஜெ-யின் வால் சற்றுச் சுருங்கியிருக்கிறது.
மையில் தண்ணீர் அதிகம்.
மடத்தில் காசில்லையோ, மனசில்லையோ.
இப்போது அது ஆறிப்போன தேநீர் நிறம்;
அடியில் அச்சுக்காரன் மை, புகைக்கரியும் எண்ணெயும்,
அசையாமல் நிற்கிறது.
மறைத்த வரிகளைத்தான் முதலில் வாசிக்கத் தோன்றுகிறது.

மூன்றாவதுக்கு ஆறு வருஷம் ஆயிற்று.
த்ரியெஸ்தேயில் ஒரு கப்பல் இன்ஷூரன்ஸ் வக்கீலின் மனைவி,
வாண்டா; புருஷன் போய்
அலமாரிகளோடு தனியாக இருந்தார்.
விலை என்ன என்றேன்.
வாயைத் திறந்து காட்டினார்.
மேல்தாடை, இடப்பக்கம், மூன்று பல்.
அப்படி முடிந்தது வியாபாரம்.

1611. கையெழுத்து நடுங்குகிறது.
ரயிலில் மடியில் வைத்துத் திறந்தேன்.
கோடுகள் இருக்கின்றன,
ஆனால் எழுத்தின் மேல் இல்லை.
ஒவ்வொன்றும் நூலளவு கீழே இறங்கி
வரிக்கு அடியில் ஓடுகிறது.
பதினேழு வரிகளை அடித்திருக்க வேண்டியவர்
பதினேழுக்கும் அடிக்கோடு இட்டிருக்கிறார்.

வயசு, மெழுகுவத்தி, புரை விழுந்த கண்.
எஜிஸ்தோ அப்படித்தான் சொல்கிறார்.
நான் மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துப் பிழைப்பவன்.
பட்டறையில் அளந்தேன்.
ஒன்று புள்ளி இரண்டு; பதினேழும் ஒன்று புள்ளி இரண்டு.
தளர்ந்த கை
இவ்வளவு ஒழுங்காகவா தளரும்?

முன்னுரையில் மட்டும் ஒரே ஒரு சொல்லை
குறி தவறாமல் நடுவில் அடித்திருக்கிறார்.
கட்டியான மை; தாள் ஓட்டையாகிவிட்டது.
விளிம்பில் மிஞ்சிய கொம்புகளை வைத்து
இரண்டு இரவு ஊகித்தேன்.
எழுதியவர் அவையடக்கமாகத் தன்னை
"மூடன்" என்று சொல்லிக்கொண்ட இடம்.

நீவெஸிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றி, தாளோடு மூக்கு உரசப் பார்த்தாள்.
"கண் தெரியாமல் போட்ட கோடுதான்" என்றாள்.
வெளியே போ நதியின் மூடுபனி;
பாய்லர் இரண்டு தரம் இருமி நின்றது.
ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டு
"ம், திருப்பு" என்றாள்.