நேராகிப் போன வளைவு

பெரியாஸ்பத்திரி வரிசை
பதினோரு மணிக்கும் நகரவில்லை.
நிற்பது எனக்குச் சுகம்தான்.
முன்னால் இருந்தவர் இரக்கப்பட்டு,
"உட்காருங்கண்ணே" என்று பெஞ்சைக் காட்டினார்.
உட்கார்ந்து உட்கார்ந்துதானே இங்கே வந்தேன்
என்று வாய் வரைக்கும் வந்தது.
சிரித்து வைத்தேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசிருக்கும்.
படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
"இடுப்புக்கிட்ட உள்வாங்கி ஒரு வளைவு இருக்கணும்.
உங்களுக்கு அது நேராயிடுச்சு.
தசை இறுகி இழுத்துக்கிட்டு நிக்குது.
என்ன வேலை பார்க்கறீங்க, அர்த்தனாரி?"

ஏற்காடு வண்டிங்க, என்றேன்.
இருபது கொண்டை ஊசி.
ஏறும்போது இருபது, இறங்கும்போது இருபது.
மூணு நடை போய்வந்தால்
நாளைக்கு நூற்றிருபது வளைவு.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.
நான்தான் முதலில் சிரித்தேன்.
சிரித்ததும் பிடித்துக்கொண்டது.

என் சீட்டில் இருந்த பஞ்சு
எனக்கு முன்னால் ஓட்டியவரோடு
ரிட்டயர் ஆகிவிட்டது.
மிச்சம் ஒரு தகரம், நாலு போல்ட்,
மேலே மடித்த கோணி,
அதற்கும் மேலே கண்டக்டர் ஆரோக்கியதாஸ்
எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட
காற்றிறங்கிய ட்யூப்.
"சீட் ஆடுகிறது" என்று
டிப்போ நோட்டில் எழுதி வைத்தேன்.
மறுநாள் அதற்கு நேரே
"பார்க்கப்பட்டது" என்று இருந்தது.
பார்த்திருப்பார்கள்.

அஸ்தம்பட்டியில் அது ஓர் எறும்பு.
கோரிமேடு தாண்டினால் ஊரத் தொடங்கும்.
அடிவாரத்தில் முதல் கியருக்கு மாற்றும்போது
கடிக்கும்.
அப்புறம் வளைவுக்கு ஒரு கடி,
எண் எழுதிய பலகையைப் பார்க்காமலே
எத்தனாவது என்று சொல்லிவிடுவேன்.
குரங்குகளுக்குத் தெரியும் என் ஹாரன்.
மிளகு மூட்டையோடு கை காட்டுகிறவருக்கும் தெரியும்,
நான் நிறுத்துவேன் என்று.
நிறுத்தினால் ஒரு நிமிடம் முதுகை நிமிர்த்தலாம்,
அதற்காகத்தான் என்பது மட்டும்
அவருக்குத் தெரியாது.

போன மாதம், பதினாலாம் வளைவில்,
இறங்கி வருகிற லாரிக்கு ஒதுங்கும்போது,
இடது கால் கிளட்ச் மேலே இருக்கிறதா
இல்லையா
என்று தெரியவில்லை.
குனிந்து பார்த்தேன்.
இருந்தது.
யாரோ கழற்றி வைத்த செருப்பைப் போல இருந்தது.
பின்னால் ஐம்பத்திரண்டு பேர்.
ஜன்னலோரம் ஒரு பெண்பிள்ளை
மூடுபனியைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.
"மூணு வாரம் ஓட்டக் கூடாது,
கட்டாந்தரையில படுங்க" என்று சீட்டெழுதினாள்.
சட்டைப் பையில் நாலாக மடித்தேன்.

சிவதாபுரத்து வீட்டில், சிமெண்ட் தரையில்,
பட்டப்பகலில் மல்லாந்து கிடந்தேன்.
மலர்க்கொடி கொலுசுக் கண்ணி
பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.
இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக
அவள் வேலையை அவள் உயரத்தில் இருந்து பார்த்தேன்.
தீ ஊதி, கண்ணி கோத்து, மறுபடி ஊதி,
ஒரு தடவைகூட நிமிரவில்லை.
மூன்று மணிக்கு எழுந்தாள், இரண்டு தவணையாக:
முதலில் சுவர், பிறகு அவள்.

"எத்தனை நாளா இப்படி?"
"எது?" என்றாள்.

அப்போதுதான் காலைப் பற்றிச் சொன்னேன்.
கேஸை அணைத்தாள்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
தைலத்தை எடுத்து வந்து தேய்த்தாள்,
கோபமாக.
"சீட்டு ஆடுதுன்னு எழுதத் தெரிஞ்சுதில்ல?
இதையும் எழுதோணும்னு தோணலையா?"
மிச்சத் தைலத்தை
என்னைத் தேய்க்கச் சொல்லவில்லை.
நானே வாங்கித் தேய்த்தேன்.
அவள் முதுகிலும் அதே இடம்
கல்லாக இருந்தது.

விடியற்காலை நாலரை மணி, டிப்போ.
வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.
ஆரோக்கியதாஸ் பையைத் தோளில் மாட்டியபடி
ஏறுங்கண்ணே என்கிறான்.
சம்பளப் பிடித்தம் எவ்வளவு வரும் என்று
ராத்திரி மூன்று விதமாகக் கணக்குப் போட்டாயிற்று,
மூன்றும் சரியாக வரவில்லை.

மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது.
நோட்டைத் திறந்து,
வண்டி எண்ணுக்கு நேரே,
"ஓட்டுநரின் இடது கால் மரத்துப்போகிறது" என்று
நின்றுகொண்டே எழுதினேன்.