மேற்கணக்கு, கீழ்க்கணக்கு

மாலை வகுப்புக்குப் போன பிள்ளைகள்
புலமைப்பரிசிலில் இருபத்து மூன்று புள்ளி கூட.
அப்படியே எழுதிக் கொடுத்தால்
தலவாக்கலைக் காரியாலயத்தில் கை தட்டுவார்கள்.

காசு சுண்டி யாரும் பிரிக்கவில்லையே.
லயத்தில் கரண்ட் உள்ளவள் போனாள்.
கொழும்பிலிருந்து அண்ணன் காசு அனுப்பியவன் போனான்.
இருபத்து மூன்றில் வகுப்பு எவ்வளவு,
தார் ரோட்டு எவ்வளவு?

ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாய்வு கணித்தேன்.
தூரம், கூரைத் தகரம், தாயின் படிப்பு,
போன வருட மார்க்கு, வீட்டில் கைக்குழந்தை:
இத்தனையும் சேர்ந்து இவளை
வகுப்புப் பக்கம் எவ்வளவு சாய்த்திருக்கும்?
போனாளா என்பது அப்புறம்.
ஒரே சாய்வில் நின்று
ஒருத்தி போய், ஒருத்தி போகாமல் இருந்தால்
அந்த இருவரை ஒரே வாங்கில் உட்கார வைக்கலாம்.

கிளாக்கர் வீட்டுப் பையனுக்குச் சோடி இல்லை.
தசம் ஒன்பது ஏழு.
அந்த உயரத்தில் போகாதவர் எவருமில்லை. விட்டேன்.
ஆற்றுக்கு அப்பால் பதின்மூன்று பேர்.
அவர்களைப் போல ஒருவர்கூடப் போனதில்லை.
அவர்களையும் விட்டேன்.
அங்கே பேனா கொஞ்சம் நின்றது.

மேற்கணக்கு ஹம்சவேணி, தசம் நாலு ஒன்று.
கீழ்க்கணக்கு டிலுக்சி, தசம் நாலு ஒன்று.
ஒருத்தியை இழுத்தது தூரம், மற்றவளைத் தகரம்;
வந்து நின்ற இடம் ஒன்று.
இப்படி எழுபது சோடி கட்டி முடிய
இருபத்து மூன்று ஒன்பதாக இறங்கியது.
எனக்கு நிம்மதி. ஒன்பதை நம்பலாம் போலிருந்தது.

ஞாயிறு, மழைக்குள் கீழ்க்கணக்குக்கு இறங்கினேன்.
படிவத்தில் "விருப்பமில்லை" என்றிருந்தது.
டிலுக்சியின் அம்மா சிரித்தாள்.
"அந்தச் சவுக்கு மரத்துல குளவி கட்டியிருக்கு மிஸ்.
ஆவணியில இவ அப்பாவுக்குக் கொட்டி
ரெண்டு மாசம் படுக்கையில."

என் அட்டவணையில் குளவிக்கு நிரல் இல்லை.

வழியை மட்டும் மறித்திருந்தால் பரவாயில்லை,
சோடி கலையாது.
அந்த ரெண்டு மாசமும் டிலுக்சி அடுப்படியில் நின்றாளாம்,
கொப்பியைத் திறக்கவேயில்லையாம்.
அப்படியானால் ஒன்பதில் குளவிக்கும் பங்குண்டு.
மற்ற அறுபத்தொன்பது சோடிகளில்
எந்த மரத்தில் என்ன தொங்குகிறதோ.

அறிக்கையில் ஒரு வரி வைத்திருக்கிறேன்:
நான் காணாதது எதுவும் குறுக்கே நிற்கவில்லையானால், ஒன்பது.
அதற்குக் கீழே இன்றிரவு
இன்னொரு கணக்கு ஓடுகிறது:
எவ்வளவு பெரிய கூடு இருந்தால்
ஒன்பது சைபராகும்?

கூட்டை எடுக்கச் சொல்லித்
துரைக்கு எழுதியதை
அறிக்கையில் சேர்க்கவில்லை.